தென்காசியில் தோட்டம் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: சாரல், மேல்காற்று, அடைமழை, வெயில்

தென்காசிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும், இங்கேயே பிறந்து இப்போதுதான் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்தவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் வட்டாரத்துக்குப் பொருந்தும். கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போகப் போகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

நம்ம ஊரில் எத்தனை பருவம் என்று வைத்துக்கொள்வது?

பள்ளிக்கூடப் புத்தகத்துக் கணக்கை விட்டுவிடுங்கள். தோட்டக்காரருக்கு இங்கே நாலு காலம் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை காற்றும் சாரலும். ஊரார் இதைத்தான் ‘சீசன்’ என்கிறோம். புரட்டாசி ஒரு இடைவெளி, காற்று ஓய்ந்து புழுக்கமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, சில வருடம் மார்கழி வரை நீளும். தை, மாசியில் பனி. பங்குனியிலிருந்து மறுபடி சாரல் வரும் வரை வெயில், நடுவில் இடியோடு இரண்டு மூன்று கோடை மழை.

வயல்காரர்கள் இதையே கார், பிசானம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சாரல் காலத்தில் சிற்றாற்றில் வரும் தண்ணீரை நம்பிக் கார் நெல். ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். வீட்டுத் தோட்டத்துக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே உதவும்.

சாரல் தினமும் விழுகிறது. அப்புறமும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

கட்டாயம் ஊற்ற வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

சாரல் இலையை நனைக்கும், வேரை நனைக்காது. நான் தோட்டம் போட்ட முதல் வருடம் ஆனி மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றவில்லை. தரை எப்போது பார்த்தாலும் ஈரமாக இருந்தது, ஊற்றுவானேன் என்று விட்டுவிட்டேன். கத்தரியும் மிளகாயும் வாடின. வேரில் ஏதோ நோய் என்று நினைத்து ஒரு செடியைப் பிடுங்கினால், மேலே அரை விரல் கட்டைக்கு ஈரம், அதற்குக் கீழே மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். நாள் முழுக்கப் பொசுபொசுவென்று தூறினாலும் பல நாள் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான் தேறும். அதிலும் முதலில் விழுவது இலையிலேயே தங்கிக் காற்றில் உலர்ந்துவிடும். ஆனால் நன்றாக வளர்ந்த காய்கறிச் செடிகள் ஒரு சாதாரண நாளில் சதுர மீட்டருக்கு 4, 5 லிட்டர் வரை இழுக்கும். வெயில் இல்லாத நாளில் குறையும் என்றாலும், மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, விடாமல் அடிக்கும்போது இலையிலிருந்து நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். வரவு ஒன்று, செலவு மூன்று.

அதனால் மண்ணின் மேல்நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் ஈரம் பட்டால் அன்றைக்கு வேண்டாம். படாவிட்டால் ஊற்றுங்கள். ஊற்றும்போது வேரடியில் நிதானமாக ஊற்றுங்கள். இலை ஏற்கெனவே நனைந்துதான் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை, இங்கே ஏன் வெறும் தூறலாக வருகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்தால் நீரைக் கையில் வைத்திருக்க முடியாமல் கொட்டிவிடுகிறது. அப்படித்தான் கேரளத்துக்குப் பெருமழை. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடாகி உலர்ந்துவிடும். ஆனி மாதம் திருநெல்வேலியில் அனல்காற்று அடிப்பதும் இதனால்தான்.

நமக்கு வாய்த்தது செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் தணிந்து ஒரு வாசல்போல இருக்கிறது. அந்த வழியாகக் காற்று குறுகிப் பாய்வதால் வேகம் கூடுகிறது, கொட்டித் தீர்க்காத மிச்ச ஈரமும் கூடவே வந்துவிடுகிறது. அந்த மிச்சம்தான் சாரல். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆனி, ஆடியில் நின்று பாருங்கள், வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

வாசலிலிருந்து விலக விலக ஈரம் குறையும், காற்று மட்டும் மிஞ்சும். குற்றாலத்தில் நனைந்துகொண்டிருக்கும்போதே ஆலங்குளத்தில் புழுதி பறக்கும். சுரண்டை, கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே இருப்பவர்கள் சாரலைக் கணக்கிலேயே சேர்க்காமல், இது காய்ந்த காற்றுக்காலம் என்றே வைத்துக்கொண்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

மேல்காற்றில் செடிகள் சாய்கின்றன, முருங்கை முறிகிறது. என்ன செய்வது?

நம் ஊர்த் தோட்டத்துக்கு மழையைவிடப் பெரிய விஷயம் காற்றுதான். செடி வாங்குவதற்கு முன்னால் வீட்டில் மேற்குத் திசை எது, அந்தப் பக்கம் காற்றைத் தடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பலர் உடனே சுவர் எழுப்புகிறார்கள், அல்லது தகரம் அடிக்கிறார்கள். அது சரியாக வராது. முழுச் சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். சுவருக்குப் பின்னால் வைத்த செடிதான் அதிகம் அலைக்கழியும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் நல்லது. அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப்போல எட்டு, பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆளுயர வேலி ஒரு சின்னக் கொல்லைக்குப் போதும்.

இதற்கு அகத்தியை மிஞ்ச எதுவும் இல்லை. தை, மாசியில் மேற்கு ஓரமாக இரண்டு வரிசை நெருக்கமாக விதையுங்கள். ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசைச் செடி வருகிற மாதிரி. தண்ணீர் விட்டு வந்தால் சாரல் தொடங்குவதற்குள் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். உயரத்தை அளவாக நறுக்கிக்கொண்டே வாருங்கள், கீரையும் ஆச்சு, ஆட்டுக்குத் தழையும் ஆச்சு. மாடியில் என்றால் பாதி நிழல் தரும் பச்சை வலையை மேற்குக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கட்டலாம். ஓரங்களைக் கயிற்றால் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் இரவே வலை அடுத்த தெருவில் கிடக்கும்.

முருங்கையை வைகாசி பிறந்ததும் பாதிக்குப் பாதி வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் நீளமாகப் போன கிளைதான் முறியும், முறிந்தால் தோலோடு கிழித்துக்கொண்டு போகும். வெட்டினது புரட்டாசிக்குள் துளிர்த்துவிடும். வாழை வைத்திருந்தால் குலை தள்ளும் காலம் ஆனி, ஆடியில் விழாமல் கன்று நடும் மாதத்தைக் கணக்குப் பாருங்கள். அப்படியும் தள்ளிவிட்டால் சாய்கிற பக்கம் கவட்டைக் கம்பால் முட்டுக் கொடுங்கள். தக்காளி, மிளகாய்க்குக் குச்சி நட்டு, பழைய சேலைக் கிழிசலாலோ வாழை நாராலோ எட்டுப் போட்டாற்போலத் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துவிடும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்கிறார்கள். இங்கே காற்று உச்சத்தில் இருப்பதே ஆடியில்தானே?

‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்றதும் நம் முன்னோர்தான். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆடியில் விதைப்பது ஐப்பசி மழைக்கு முன்னால் செடி வேர்பிடித்து நிற்பதற்காக. பூசணி, சுரை, பீர்க்கு, புடல், வெண்டை, கொத்தவரை எல்லாம் நேரடியாக ஊன்றலாம். முளைத்து இரண்டு மூன்று இலை விடும்போது தரையோடு தரையாக இருக்கும், காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது. பந்தல் ஏறும் சமயத்தில் ஆவணி முடிந்து காற்று தணிந்திருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாயை ஆடியில் நாற்றாக விட்டு, ஆவணிக் கடைசியில் நடுங்கள். நான் ஆடியிலேயே நட்ட நாற்றுகளில் பாதிகூடத் தேறியதில்லை.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தல் அவரை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். மாசியில் ஊன்றி, கொடி வீட்டையே மூடிவிட்டது, ஒரு பூவைக் காணோம் என்று வருத்தப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். கொடியில் ஒரு குறையும் இல்லை, அதன் காலம் அது. ஆடியில் ஊன்றுங்கள், கார்த்திகையில் பூக்கும், தைப்பொங்கலுக்குக் கூடை கூடையாகக் காய்க்கும். மொச்சையும் அப்படியே. வருடம் முழுக்கக் காய் வேண்டுமானால் குத்துச்செடி அவரை என்று கேட்டு வாங்க வேண்டும்.

சாரல் நேரத்தில் கீரை நாற்றெல்லாம் அடியில் கறுத்து விழுகிறதே?

நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும், மேல்மண் காயாமல் இருப்பதும் காரணம். கலைத்து விதையுங்கள், பாத்தியை ஒரு சாண் மேடாக்குங்கள், விதைக்குமுன் விதையை டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) பொடியில் புரட்டிக்கொள்ளுங்கள் (ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை). காற்றோட்டம் வேண்டும், பயந்துகொண்டு மூடி வைக்காதீர்கள்.

ரோஜா இலையில் கரும்புள்ளி வந்து எல்லாம் உதிர்கிறது.

இலை நாள்கணக்கில் நனைந்தே இருந்தால் வரும் பூஞ்சாணம். புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து, கீழே கிடப்பதையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், அங்கேயே உரமாகப் போடாதீர்கள். தொட்டியைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி வையுங்கள். நாட்டுப் பன்னீர் ரோஜா நம் சாரலை ஓரளவு தாங்குகிறது. பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் ஒட்டு ரோஜாக்கள் ஆடி வரைக்கும் நிற்பதே கஷ்டம்.

குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிறார்களே, எங்கள் வீட்டிலும் வைக்கலாமா?

மங்குஸ்தான் வருடம் முழுக்க ஈரக்காற்றும், வேரில் ஈரமும், காற்று மறைவும் கேட்கிற மரம். குற்றால மலைச்சரிவில் அது கிடைக்கிறது. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் சித்திரை வெயிலில் கிடைக்காது. கிணறும், பெரிய மரங்களின் நிழலும் உள்ள தோப்பு இருந்தால் முயன்று பாருங்கள், காய்க்க ஏழெட்டு வருடமாவது பொறுக்க வேண்டும். ரம்புத்தான் அதைவிடச் சுலபம். ஆனால் விதைக்கன்றில் ஆண்மரமும் வரும் என்பதால் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். சின்ன வீட்டுக்கு என்றால் கொய்யா, சீத்தா, எலுமிச்சை வையுங்கள். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில்தானே இருக்கிறது.

தென்காசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றார்கள், வீட்டில் ஒரு சொட்டு இல்லை. எதை நம்புவது?

எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாக வருகிறது. நம் மாவட்டமோ செங்கோட்டை மலையடிவாரத்திலிருந்து சங்கரன்கோவில் கரிசல்காடு வரை நீள்கிறது. அடிவாரத்தில் பெய்யும் மழையும் கரிசலில் பெய்யும் மழையும் ஒன்றாக இருந்ததே இல்லை.

வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் கனமழை, 12 முதல் 20 மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் தெருவில் மழை பெய்யவில்லை என்பதால் எச்சரிக்கை பொய் என்று ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மாதிரி நாளில் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர் மேலிருந்து இறக்கி, மாடி வடிகால் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஊரில் நல்ல வெயில், அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போடுகிறார்களே?

அருவித் தண்ணீர் வருவது மேலே காட்டுக்குள் பெய்யும் மழையிலிருந்து. கோடையில் மதியத்துக்கு மேல் மலையில் இடிமழை இறங்கினால் கீழே வானம் தெளிந்திருக்கும்போதே தண்ணீர் பாய்ந்து வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்தான். மேற்கே மலை கறுத்திருந்தாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ உடனே வெளியேறிவிடுங்கள். தடை போட்டால் தயவுசெய்து கேளுங்கள். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்.

வீட்டில் நாமே மழையை அளக்க முடியுமா?

முடியும். எல்லோரும் அளக்க வேண்டும் என்பது என் ஆசை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். அடி தட்டையாக இருக்க வேண்டும். மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில், காற்றில் கவிழாமல் மூன்று செங்கலுக்கு நடுவில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள், எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது, அதனால் செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிடலாம்.

காற்றோடு சாய்ந்து விழும் சாரலில் ஜாடி கொஞ்சம் குறைத்தே காட்டும், பரவாயில்லை. ஒரு வருடம் எழுதிப் பார்த்தால், ஆனி, ஆடியில் முப்பது நாள் நனைந்து கிடைத்ததை ஐப்பசியில் ஒரே இரவு மழை தாண்டிவிடுவதை உங்கள் நோட்டே காட்டும்.

ஐப்பசி அடைமழைக்கு என்ன தயாரிப்பு?

இப்போது பிரச்சினை தலைகீழ். வேருக்குத் தண்ணீர் போதவில்லை என்று இருந்தது போய், தண்ணீர் வடியவில்லை என்று ஆகும். செவல்மண் உள்ள வீடுகளில் வடிந்துவிடும். களிகலந்த வயல்மண் மேல் கட்டிய புது மனைகளில் நிற்கும். பப்பாளி ஒரே நாள் தண்ணீர் தேங்கினாலும் அழுகிவிடும், அதை மேட்டில் வையுங்கள். புரட்டாசிக்குள் பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் இழுத்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கொசுவும் குறையும்.

மழை விட்ட இரவுகளில் பெரிய நத்தைகள் வரும். ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் விரித்து, அதன் மேல் பப்பாளி இலையைப் போட்டால் விடிவதற்குள் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும், பொறுக்கிவிடலாம். உப்பைத் தூவாதீர்கள், மண் கெட்டுப்போகும்.

பனிக்காலத்தில் என்னென்ன வேலை?

தோட்டத்துக்கு மிகச் சுகமான காலம் இதுதான். கொத்தமல்லி, முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர் எல்லாம் கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் நன்றாக வரும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதையுங்கள். வெயில் ஏறிய பிறகு விதைத்தால் இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டுக் கவாத்து செய்து, தொழுவுரம் வையுங்கள். மாசி, பங்குனியில் மொட்டு எடுக்கும். பிச்சிக்கும் இதையே செய்யலாம், தையில் வெட்டினாலும் தாமதமில்லை.

காலைப் பனியும் பகல் வெயிலும் சேர்ந்தால் பூசணி, வெண்டை இலைகளில் சாம்பல் நோய் வரும். புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து வாரம் ஒருமுறை இலையின் இருபுறமும் தெளித்தால் ஆரம்பத்தில் கட்டுப்படும்.

மயில் வந்து எல்லாவற்றையும் தின்கிறது.

விரட்டலாம், துன்புறுத்தக் கூடாது, சட்டப்படியும் குற்றம். தக்காளியையும் நாற்றங்காலையும் பழைய மீன்வலையால் மூடுங்கள். தரையில் இறங்க இடம் இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினாலும் ஓரளவு வராது.

சித்திரை, வைகாசி வெயிலை எப்படிக் கடத்துவது? குழாய்த் தண்ணீரே அளந்துதான் வருகிறது.

முதலில் மூடாக்கு. தென்னை மட்டை, உரித்த தேங்காய் மட்டை, சருகு, வைக்கோல், எது கிடைத்தாலும் வேரைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடாமல். தென்னந்தோப்பு சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு மட்டையைக் குப்பையில் கொளுத்துகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. ஊறவைத்த தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி வாழைக்கும் தென்னைக்கும் அடியில் புதைத்தால் நாள்கணக்கில் ஈரம் காக்கும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள், கீரைக்கு வேண்டாம். ஊற்றுவது விடியற்காலையில். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் புதிதாக எதையும் நடாதீர்கள், உரமும் வைக்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். செம்பருத்தியில் இந்தச் சமயம் மாவுப்பூச்சி அடைஅடையாக வரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, பிறகு வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

சீசன் தொடங்கப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. சில வருடம் அதற்கு முன்னும் வரும், தள்ளியும் போகும். செய்தி வருவதற்கு முன்பே காற்று சொல்லிவிடும். வைகாசிப் பாதியில் ஒரு நாள் சாயங்காலம் மேற்கு ஜன்னல் தானாக அடித்துச் சாத்தும். அடுத்த நாள் மலைமுகட்டில் மேகம் தொப்பிபோல உட்கார்ந்து பகலெல்லாம் விலகாது. அதைப் பார்த்ததும் முருங்கையை வெட்டிவிட்டேனா, வாழைக்கு முட்டு இருக்கிறதா, பச்சை வலையின் கயிறு உளுத்துவிட்டதா என்று ஒரு சுற்று போய் வந்துவிடுவேன். பூவாளியை மட்டும் எடுத்து உள்ளே வைக்க மாட்டேன்.